தூக்குக்குண்டு நின்ற இடம்

பவனா ஆற்றின் குறுக்கே ராவேத்தில் கட்டியிருக்கும் தடுப்பணையின் மேல் இருதயராஜின் பைக் மட்டும் தனியாக நிற்கிறது, ஆளைக் காணவில்லை என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து, தேஹு ரோட்டில் சவரிமுத்துவின் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

ஆற்றோடு போய்விட்டான் என்பது ஒரு கட்சி. அதில் அவன் தங்கை ஜெனிபரும், அக்கம்பக்கத்தாரும், துக்கம் விசாரிக்க வந்து டீ குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் இருந்தார்கள். எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்பது இன்னொரு கட்சி. அதில் ஒரே ஒருத்திதான். அவன் மனைவி ஸ்டெல்லா.

மாமியார் லூர்தம்மாள் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் ஒரு கட்சியிலும் இருந்தாள். மாமனார் சவரிமுத்து மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், வாயைத் திறக்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் ஓடிப்போகவும் காரணம் இருந்தது, ஆற்றில் விழவும் காரணம் இருந்தது. கதையைத் தொடர்ந்து கேட்டு வருகிறவர்களுக்கு அது தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம்.

சவரிமுத்து ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரை ஊர் அறிந்தது நீரோட்டம் பார்க்கிறவராக. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். அடியில் தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். தளேகாவ் வரைக்கும் மராத்திக்காரர்கள் அவரைப் 'பாணாட்யா பாபா', தண்ணீர் பார்க்கிற பெரியவர், என்று கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். அவருக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம், அதனால்தான் தேங்காய் நிற்கிறது என்று எல்லோரும் ஒருமனதாக நம்பினார்கள். அதே ரத்தம் ஓடும் ஜெனிபர் கையில் தேங்காய் சட்னியாகத்தான் ஆகும் என்பது வேறு விஷயம். குறி பார்ப்பதும் தூக்குக்குண்டு பிடிப்பதும் ஆகாது என்று பங்குச் சாமியார் கண்டித்ததுண்டு. கோயில் தோட்டத்துக் கிணற்றுக்கு இடம் காட்டியதும் இவர்தான் என்பதால் கண்டிப்பு அளவோடு இருந்தது.

அப்பா இடம் காட்டுவார். மகன் போர்வெல் லாரியைக் கொண்டுவந்து துளை போடுவான். அப்படித்தான் குடும்பம் நடந்தது.

போன கோடையில் வாகடில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி. டேங்கர் தண்ணீருக்குக் காத்திருந்தே அலுத்துப்போனவர்கள். தேங்காய் நின்ற இடத்தில் லாரி நின்றது. ஐந்நூறு அடி போயும் கருங்கல் தூள்தான் பறந்தது, தண்ணீர் வரவில்லை. லாரி திரும்பிப் போயிற்று. துளை திறந்தே கிடந்தது. அதன்மேல் ஒரு சாக்கு, சாக்கின்மேல் ஒரு கல். மழை பிடித்ததும் சுற்றிலும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள் வேலைக்கு பீட் ஜில்லாவிலிருந்து வந்திருந்த மங்கலின் மகள் தனு, நான்கு வயதுக் குழந்தை, அந்தப் புல்லில் விளையாடப் போய் உள்ளே விழுந்துவிட்டாள். மேலே எடுத்தபோது உயிர் இல்லை.

போர் போட்டவன் பேரில் வழக்கு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று இருதயராஜுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அந்த நாளை வருவதற்குள் ஆள் இல்லை, பைக்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த லூர்தம்மாள், கணவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைக்கவில்லை. பித்தளைத் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

கொத்தனார்கள் சுவருக்கு நேர் பார்க்கும் குண்டுதான் அது. தண்ணீருக்குத் தேங்காய் என்றால் தொலைந்துபோன பொருளுக்கு இந்தக் குண்டு. எத்தனையோ பேருடைய கம்மல், சாவி, மாடு, ஆடு எல்லாம் அது தேடிக் கொடுத்திருந்தது.

"புடிங்க" என்றாள் லூர்தம்மாள்.

சவரிமுத்து குண்டைப் பார்த்தார். தொடவில்லை. "வேணாம் லூர்து. பெத்த பிள்ளைக்குப் பாக்கக் கூடாது."

"எந்த வேதத்துல எழுதியிருக்கு? ஊரான் வீட்டு நாயத் தேடிக் குடுத்தீகளே, நீங்க பெத்தவன் எங்கன்னு பாக்க மாட்டீகளா?"

"பாத்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிச்சுன்னா?"

"சொல்லட்டும்." லூர்தம்மாள் குண்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கோயில்ல போயி முட்டி போட்டா எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியலங்க. செத்தவனுக்குப் பூசை வெக்கணுமா, உசுரோட இருக்கறவனுக்கு ஜெபிக்கணுமா? ரெண்டுங்கெட்டானா மாதா முன்னாடி நிக்கிறேன். அத மட்டும் சொல்லிருங்க, போதும்."

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கியது. மாமியாரிடம் அவளுக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் பெற்ற தாய் ஒருத்தி எந்த ஜெபத்தைச் சொல்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

வாகடிலிருந்து வந்திருந்த ஜெனிபர் ஆயத்தமாகவே வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். தேஹு ரோடு, ராவேத், வாகட், ஆறு, ரயில் பாதை என்று எல்லாம் இருக்கும் வரைபடம். ஆபீஸில் அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பாருங்கப்பா. எங்க சொசைட்டியில வாட்ச்மேன் முதக்கொண்டு கேக்குறான், உங்க அண்ணன் கெடைச்சானான்னு. எதுவா இருந்தாலும் தெரிஞ்சிடட்டும். அண்ணிக்கும் அதான் நல்லது."

"எனக்கு எது நல்லதுன்னு நான் சொல்லிக்கறேன் ஜெனி" என்றாள் ஸ்டெல்லா.

ஜெனிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சவரிமுத்து, கிணற்றுக்குள் இறங்கப்போகிறவர்போல ஒரு பெருமூச்சு விட்டு, "சாட்சி கொண்டாங்க" என்றார்.

சாட்சி என்றால், தேடப்படுகிறவனின் உடம்பில் பட்ட பொருள். அதைத் துவைத்திருக்கக் கூடாது, வியர்வை இருக்க வேண்டும். அதை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையில் குண்டைத் தொங்கவிட்டு வரைபடத்தின்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே வருவார். குண்டு ஆடிக்கொண்டே வரும், தேடுகிற இடம் வந்ததும் ஆடாமல் நின்றுவிடும். சாட்சி தப்பாக இருந்தால் ஆடவே ஆடாது.

அதை ஸ்டெல்லாவே கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு மேஜர் வீட்டு நாய் காணாமல் போனபோது, வேலைக்காரன் அவசரத்தில் வீட்டிலிருந்த வேறொரு நாயின் கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்துவிட்டான். குண்டு செத்ததுபோல் தொங்கியது. "இது அந்த நாயோடது இல்ல" என்று சவரிமுத்து எழுந்துவிட்டார். சரியான பட்டை வந்த பிறகுதான் குண்டு ஆடியது. நாய் ஒரு கறிக்கடை வாசலில், புகுந்த வீட்டில் இருப்பதுபோல் சௌக்கியமாகப் படுத்திருந்தது.

"ராஜ் சட்டை எதையாச்சும் எடு ஸ்டெல்லா" என்றாள் லூர்தம்மாள்.

ஸ்டெல்லா அசையவில்லை. இருதயராஜ் போன மறுநாளே அவனுடைய துணி அத்தனையையும் அவள் துவைத்துப் போட்டுவிட்டாள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, துவைத்தாள். இப்போது அவன் வாசனையுள்ள ஒரு கைக்குட்டைகூட வீட்டில் இல்லை. அதற்காக எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

லூர்தம்மாளுக்குப் பொறுமை இல்லை. தானே உள்ளே போய், கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய நீலக் கட்டம் போட்ட சட்டையை உருவிக்கொண்டு வந்தாள். அதை முகத்தில் வைத்து ஒருமுறை அழுதுவிட்டுக் கணவரிடம் நீட்டினாள்.

ஸ்டெல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இருதயராஜின் சட்டை இல்லை. அவள் தம்பியின் சட்டை. அக்காவுக்குத் துணையாக முந்தைய ராத்திரி போபோடியிலிருந்து வந்து படுத்திருந்தவன், காலையில் இருதயராஜின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தன் அழுக்குச் சட்டையைக் கொக்கியில் விட்டுவிட்டு, கட்கியில் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

தப்பான சாட்சி என்றால் குண்டு ஆடாது. ஆடாவிட்டால் இன்றைக்கு யாரும் அவளைத் தாலி அறுத்தவள் என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவளுடைய ஒற்றைக் கட்சி பிழைத்துக் கிடக்கும். அது போதும் அவளுக்கு. ஆண்டவரே, ஆடக் கூடாது, ஆடக் கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து சட்டையை வாங்கினார். ஒரு கணம் அவர் கை தயங்கியது. பிறகு குண்டைத் தூக்கினார்.

குண்டு ஆடியது.

ஸ்டெல்லாவால் நம்ப முடியவில்லை. கோயில் மணியின் நாக்குபோல ஒழுங்காக ஆடியது. தேஹு ரோடு ஸ்டேஷனைத் தாண்டியது, நெடுஞ்சாலையைத் தாண்டியது, ராவேத்துக்கு வந்தது. ஆற்றின்மேல், தடுப்பணைக்குக் கொஞ்சம் மேற்கே, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது.

"தண்ணியில இருக்கான்" என்றார் சவரிமுத்து.

லூர்தம்மாள் தரையில் விழுந்து அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்கள். ஜெனிபர் அழுதுகொண்டே போலீஸ் ஹவல்தாருக்குப் போன் போட்டாள். வந்த பெண்கள் ஸ்டெல்லாவைச் சுற்றி உட்கார்ந்து, அவள் அழட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு அழுகை வரவில்லை. கட்கியில் லேத் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பியின் சட்டைக்கு எப்படி ஆற்றுக்குள் ஆள் கிடைப்பான்? ஒன்று, இத்தனை காலமும் நடந்ததெல்லாம் ஏமாற்று. இல்லாவிட்டால் இன்றைக்கு நடந்தது மட்டும் ஏமாற்று. மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் சாய்வதற்குள் தடுப்பணையில் கூட்டம் கூடிவிட்டது. தீயணைப்புக்காரர்கள் முன்னமே தேடிப் பார்த்துக் கைவிட்ட இடம்தான். ஆனால் ஹவல்தாருடைய கிராமத்து வீட்டுக் கிணற்றுக்கு இடம் காட்டியதும் சவரிமுத்துதான். "பாணாட்யா பாபா சொன்னால் சொன்னதுதான்" என்று ஹவல்தார் மீன்பிடிக்கிற கோலிகள் நாலு பேரைக் கூட்டிவந்து, கயிற்றில் கொக்கி கட்டி ஆற்றில் இறக்கச் சொல்லியிருந்தார். மழைத் தண்ணீர் செம்மண் கலந்து ஓடியது. கொக்கியில் பழைய மாலையும் கிழிந்த கோணியும் வந்துகொண்டிருந்தன.

லூர்தம்மாளை ஒரு புங்கமரத்தடியில் உட்காரவைத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு மரித்தோருக்கான ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ஜெபம் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

சவரிமுத்து கூட்டத்தை விட்டுத் தள்ளி, படித்துறையின் கீழ்ப்படிகளில் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, அது என் தம்பி சட்டை."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"கையில வாங்கினதுமே தெரிஞ்சிருச்சு. குண்டு ஆடமாட்டேன்னுச்சு. நான்தான் ஆட்டினேன்." அவர் தன் வலக்கையை ஏதோ அந்நிய வஸ்துவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இத்தன வருசமா அது சொன்னதத்தான் நான் சொன்னேன் தாயி. இன்னிக்கு நான் சொன்னத அது சொல்லிச்சு. இனிமே இந்தக் கை எதுக்கும் ஆகாது."

ஸ்டெல்லா படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவரு?"

"இருக்கான். உசுரோடதான் இருக்கான். நான்தான் ரயிலேத்தி விட்டேன். பைக்கக் கொண்டாந்து இங்க நிறுத்துனதும் நான்தான்."

ஒரு கணம் அவளுக்குள் பொங்கிய சந்தோஷம் சொல்லி முடியாது. மாமனாரின் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அடுத்த கணம் அது அப்படியே திரிந்தது. இத்தனை நாளும் அவள் சோறு இறங்காமல், தூக்கமில்லாமல், ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தபோது இந்த மனிதர் ஜன்னலோரம் மழை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மாமா. அத்தைகிட்டகூட."

"உங்க ரெண்டு பேருக்கும் பொய்யா அழ வராது." அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவன் மேல கேஸ் நிக்காது ஸ்டெல்லா. கொஞ்ச நாளு போகட்டும். எல்லாரும் மறந்துருவாக. அப்புறம் நீ அவன் இருக்கிற எடத்துக்குப் போயிரலாம். அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு."

"பட்டு?" என்றாள் ஸ்டெல்லா. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த ஆறு வயது மகள். "பட்டுகிட்ட என்ன சொல்றது?"

"அப்பா சாமிகிட்டப் போயிட்டாருன்னு சொல்லு. சின்னப் பிள்ளதான, மறந்துரும்."

ஸ்டெல்லா அவரையே பார்த்தாள். பேத்திக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுகிற மனிதர்தான் இதைச் சொன்னார்.

"அவரு எதுக்கு மாமா ஓடணும்? அதான் எனக்கு மொதல்லேர்ந்து புரியல. வீட்டுல கேஸ் சிலிண்டர் மூடியிருக்கான்னு மூணு தடவ பாத்துட்டுப் படுக்கற ஆளு. குழிய அப்படியே போட்டுட்டு வருவாரா? ஸ்டேஷன்ல போயி உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கலாமே."

ஆற்றில் கோலி ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மரக்கிளை. லூர்தம்மாள் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"உள்ளபடி சொன்னா என்னையத்தான் சொல்லணும். அதுக்குத்தான் ஓடுனான்" என்றார் சவரிமுத்து.

அவளுக்குப் புரியவில்லை.

"லாரி திரும்பிப் போன அன்னிக்கே அவன் மண்ணு, கல்லு எல்லாம் கொண்டாந்து குழிய மூடத்தான் நின்னான். நான்தான் மம்பட்டியப் புடுங்கினேன். மூடாதடா, தண்ணி இருக்கு, இன்னும் நூறு அடி போகணும், பெரிய வண்டியா கொண்டா, நான் காட்டுன எடம் பொய்க்காதுன்னேன். மூடுனா தோத்த மாதிரி. சொசைட்டிக்காரக பாத்துச் சிரிப்பாகளேன்னு இருந்துச்சு. அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். சாக்கப் போட்டுக் கல்ல வெய்யி, போதும்னேன். எம்பேர வெளிய சொல்லவே மாட்டேன்னுட்டான். பிடிச்சுட்டுப் போயி ரெண்டு அடி வெச்சா சொல்லிருவான்னு எனக்கு பயம். அதான் அனுப்பினேன். அவனக் காப்பாத்தவா, என்னையக் காப்பாத்திக்கவான்னு கேக்காத. எனக்கே தெரியல."

இத்தனை நாளும் ஸ்டெல்லா மற்றவர்களிடம் புருஷனுக்காகப் பேசிக்கொண்டே, உள்ளுக்குள் அவனைத்தான் அவளும் குற்றவாளியாக நிறுத்தியிருந்தாள். ஏன் மூடாமல் வந்தாய், ஏன் மூடாமல் வந்தாய் என்று அவன் தலையணையோடு சண்டை போட்டிருக்கிறாள். அவன் அப்பாவின் பேச்சைத் தட்டாத பிள்ளை. அதுதான் அவன் செய்த தப்பு. அதுவும் சின்னத் தப்பு இல்லை.

"அழு தாயி" என்றார் சவரிமுத்து. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "ஹவல்தார் பாத்துக்கிட்டே இருக்காரு. புருசனப் பறிகுடுத்தவ மாதிரி இல்ல நீ. அழு."

அப்போதுதான் மேலே கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சிமெண்ட் தூசி, தலையில் இழுத்துப் போட்ட முந்தானை. யாரோ "மங்கல்" என்றார்கள். பேச்சு அப்படியே அடங்கிப் போயிற்று.

சபிக்கத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜெனிபர் குறுக்கே போய் நின்றாள். மங்கல் அவளைச் சுற்றிக்கொண்டு படிகளில் இறங்கி, நேரே ஸ்டெல்லாவிடம் வந்தாள். ஸ்டெல்லா எழ முயன்றாள். மங்கல் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொரசொரத்த கையை அவள் தலையில் வைத்தாள்.

"ரடு நகோ, தாயி" என்றாள். அழாதே அக்கா என்று, அழாமல் இருந்தவளிடம் சொன்னாள்.

போபோடி சந்துகளில் பிறந்து வளர்ந்த ஸ்டெல்லாவுக்கு மராத்தி தாய்மொழி மாதிரி. மங்கல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"போலீஸ்கிட்டச் சொல்லிட்டேன், போதும்னு" என்றாள் மங்கல். "செத்தவங்க மேல எனக்கு என்ன வழக்கு? ராத்திரியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் என்னைக் கொன்னுது. அந்த இருட்டுல என் பொண்ணு தனியாக் கெடந்தா. மேல நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ. போற வழியிலயும் தனியாத்தானே போயிருப்பா? இப்போ உங்க வீட்டுக்காரரும் அங்கதானே போயிருக்காரு. அவரும் ஒரு பொண்ணுக்கு அப்பாதானாமே. அவளப் பாத்தா கையப் பிடிச்சுக்கட்டும். இதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க ஜெபம் பண்ணும்போது அவருகிட்டச் சொல்லுங்க. தனுவுக்கு இருட்டுன்னா பயம்னு சொல்லுங்க."

ஸ்டெல்லா மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் இடக்கையை மட்டும் அசைத்தார். பேசாதே என்று.

பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். வழக்கு முடியும். புருஷன் பிழைப்பான். கொஞ்ச காலம் வெள்ளை மனசோடு நாலு பேர் இரக்கப்படுவார்கள், பிறகு ஒருநாள் பட்டுவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடலாம். இந்தப் பெண் மட்டும் தினமும் ராத்திரி, உயிரோடு இருக்கிற ஒருத்தன் செத்துப்போன தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தூங்குவாள்.

ஸ்டெல்லாவுக்கு இருதயராஜ் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அவன் மட்டும் வேண்டும். ஆனால் தலைமேல் இருந்த அந்தக் கையின் கனத்தை அவளால் தாங்க முடியவில்லை.

அதைப் பிடித்து மெதுவாக இறக்கி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அவர் சாகவில்லை" என்று மராத்தியில் சொன்னாள். பிறகு தமிழில், மரத்தடி வரைக்கும் கேட்கும்படி, "அவரு சாகல அத்தை. ஆத்துல தேடாதீங்க."

ஜெபமாலை நின்றது. லூர்தம்மாள் எழுந்தாள். அவள் முகத்தில் எழுந்த வெளிச்சத்தைப் பார்க்க ஸ்டெல்லாவுக்குப் பயமாக இருந்தது. ஜெனிபர், "என்ன அண்ணி உளர்றீங்க?" என்று ஓடிவந்தாள். ஹவல்தார் கோலிகளை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் படிகளில் இறங்கத் தொடங்கினார்.

மங்கல் கையை உருவிக்கொண்டாள். கோபமா, பயமா, ஏமாற்றமா என்று அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்றாள் ஸ்டெல்லா அவளிடம். "என் மாமனாருக்குத் தெரியும். குழி ஏன் திறந்து கிடந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும்."

இருதயராஜ் எங்கே என்று மங்கல் கேட்கவில்லை. அது அவளுக்குத் தேவையாக இல்லை. எழுந்து போய் சவரிமுத்துவின் முன்னால், தண்ணீர் பாதம் நனைக்க, கீழ்ப்படியில் நின்றாள்.

"பாபா, கட்டா உக்டா கா டேவ்லா?"

ராணுவக் கிடங்கில் காலமெல்லாம் மராத்திக்காரர்களோடு வேலை பார்த்தவர். அந்த நாலு வார்த்தை அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவர்போல மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"குழிய ஏன் தெறந்து போட்டீங்கன்னு கேக்குறாங்க மாமா" என்றாள் ஸ்டெல்லா. "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."